உனக்கு நான் சொன்ன ரேங்க்

இந்தக் கடிதத்தை முதலில் உன் மேசை மேல், லேப்டாப்புக்கு அடியில் பாதி தெரிகிற மாதிரி வைக்கிறேன். நீ சரி என்று சொன்னால் மட்டும்தான் இது வெளியே போகும். ஆகவே வேறு யாராவது இதைப் படிக்கிறார்கள் என்றால், நீ படித்துவிட்டாய் என்று அர்த்தம். நம் இருவரின் பெயரையும் நான் எழுதவில்லை. நாம் என்ன சமைத்தோம் என்பதுகூடப் பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று ஜன்னலைச் சாத்துகிறவள் நான் என்று நீ கேலி செய்வாய். அப்படிப்பட்டவள் ஊர் படிக்கிற மாதிரி ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். உன்னைப் பற்றி நான் சொன்ன பொய்யும் ஊர் கேட்கிற மாதிரி சொன்னதுதான். திருப்பத்தூரில் உன் அத்தைக்கு, இங்கே பெங்களூர் ஓரம் ஹெப்பகோடியில் நம் தெருவுக்கு, உன் அப்பாவுக்கு, எல்லோருக்கும் மேலாக உனக்கு. திருத்துவதை மட்டும் ரகசியமாகச் செய்தால் அது பாதித் திருத்தம்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டின்போது நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். அப்பா உன் தட்டில் கோழிக் குழம்பை ஊற்றிக்கொண்டே, "அந்த நெதர்லாந்துக்காரங்களுக்கு பதில் எழுதிட்டியா பாப்பா?" என்று கேட்டார். மேல்படிப்புக்கு இடம் கொடுத்து, பாதி உதவித்தொகையும் தருகிறோம் என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். இந்த மாதக் கடைசிக்குள் நீ பதில் சொல்ல வேண்டும். "வரலன்னு எழுதப் போறேம்ப்பா. வேலைக்குப் போறேன், ஆஃபர் இருக்குல்ல" என்றாய். "இன்னாத்துக்கு? பாதி குடுக்கறாங்கதானே?" "மீதிப் பாதி? திருப்பத்தூர்ல விக்கிறதுக்கு இன்னொரு மனை வெச்சிருக்கியா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். பிறகு, சோற்றைப் பிசைந்தபடி, "என் ரேங்க்குக்கு நீங்க ஒரு தடவை கட்டினது போதும்ப்பா. மார்க் வாங்கத் தெரியாதவளுக்கு எத்தனை தடவை கட்டுவீங்க" என்றாய். அப்பா, "நல்லா இருக்குது கதை" என்று சொல்லி உன் தட்டில் இன்னொரு துண்டை வைத்தார். நான் செம்பை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. அதை நீ கவனித்தாயா என்று தெரியவில்லை.

உன் ரேங்க் குறைவாக இருக்கவில்லை. உனக்கு ரேங்க்கே வரவில்லை. வராததற்கு உன் மதிப்பெண் காரணமில்லை, நான் காரணம். இதைச் சொல்வதற்கு எனக்கு நான்கு வருடம் ஆகியிருக்கிறது.

நீ இந்தப் படிப்பை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று நினைவிருக்கிறதா? உனக்குப் பதினாறு வயது. எதிர் வீட்டு மஞ்சுளாம்மாவின் மூன்று வயது மகள் பவித்ராவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அரசுத் திட்டத்தில் ஆபரேஷன் செய்து அவள் காதுக்குள் ஒரு கருவியை வைத்திருந்தார்கள். வெளியே, காதுக்குப் பின்னால் ஒரு சின்ன வட்டம் காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை முதன்முதலாக இயக்கி வீட்டுக்குக் கூட்டி வந்த மறுநாள், நம் கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். குக்கர் விசில் அடித்தது. பிள்ளை தூக்கிவாரிப்போட்டு எழுந்து சமையலறைப் பக்கம் பார்த்தாள், அப்புறம் சிரித்தாள். மஞ்சுளாம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நீ அழவில்லை. "இன்னொரு விசில் விடும்மா" என்றாய். சோறு குழைந்துவிடும் என்றேன். "குழையட்டும், விடு." அன்றைக்கு நாம் கூழ் மாதிரிதான் சாப்பிட்டோம். சாப்பிடும்போதே சொன்னாய்: "அது நரம்புகிட்ட நேரா கரண்ட்லயே பேசுதும்மா. இதுக்குன்னே ஒரு படிப்பு இருக்கு, நியூரல் எஞ்சினியரிங்." அப்பா கேட்டார்: "டாக்டரா, எஞ்சினியரா?" "ரெண்டும் இல்லப்பா. ரெண்டு பேரும் சண்டை போட்டுக்காம இருக்க நடுவுல நிக்கிற ஆளு." அந்தப் பதில் அப்பாவுக்கு மிகவும் பிடித்துப்போய், கம்பெனியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாம் தேடியவரையில் இந்தப் படிப்பு பெங்களூரில் ஒரே ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில்தான் இருந்தது. மாநில நுழைவுத் தேர்வு வழியாகப் போனால் கட்டணம் நம் கைக்கு எட்டும். மேனேஜ்மென்ட் இடம் என்றால் நான்கைந்து மடங்கு. அதனால் பி.யூ. என்கிற பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு இரண்டு வருடமும் நீ அந்தத் தேர்வுக்காகவே படித்தாய். தேர்வு எழுதி முடித்த வாரத்தில் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. நான் பல் மருத்துவமனையில் பில் போடும் வேலைக்குப் போக வேண்டும், பத்தியச் சாப்பாடு செய்ய ஆளில்லை என்று உன்னைத் திருப்பத்தூரில் அத்தை வீட்டில் விட்டேன். தேர்வு முடிவு வந்தபோது நீ அங்கே கீழாநெல்லி குடித்துக்கொண்டிருந்தாய். முடிவைப் பார்க்க பிரவுசிங் சென்டருக்குத் தனியாகப் போனது நான்தான்.

அங்கே நடந்ததைச் சொல்வதற்கு முன்னால், அதற்கு எட்டு வருடம் முந்தைய ஒரு மதியத்துக்குப் போக வேண்டும். உனக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. இங்கே பள்ளியில் கன்னடமும் இந்தியும் படித்துக்கொண்டிருந்தாய். நான் ஒரு தமிழ் நாவலைப் படித்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். நீ வந்து புத்தகத்தைப் பிடுங்கிப் புரட்டினாய். "இதுல எழுத்தே கம்மியா இருக்கேம்மா. இதை வெச்சிக்கிட்டு எப்படிம்மா சிரிக்கிறே?" என்றாய். நான் சிரித்த பக்கத்தை நீ ஒருநாளும் படிக்கப்போவதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்திப் பதினெட்டு வயதில் கல்யாணம் செய்துகொண்டு, பத்தொன்பதில் உன்னைப் பெற்று, தெரியாத ஊருக்கு வந்தவளுக்குப் புத்தகங்கள்தான் பேச்சுத்துணை. நீயும் அந்தப் பேச்சில் சேர்ந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அரை மணி பஸ்ஸில் போனால் ஓசூர். அங்கே போனால் தமிழ் படிக்கலாம்.

அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. "அஞ்சாவது இங்கியே முடிக்கட்டும். அப்பால மாத்தலாம். ஒரு வருசத்துல இன்னா கெட்டுப்போவுது?" என்றார். நான் பிடிவாதமாக இருந்தேன். ஒரு வருடம் போனால் உனக்கு எழுத்து படியாது என்றேன். உண்மையில் எனக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான். அந்த ஜூனிலேயே சேர்த்தேன். காலை ஆறரைக்கு ஹெப்பகோடி நிறுத்தத்தில் வேன். அத்திப்பள்ளி நெரிசலில் வாரத்துக்கு இரண்டு முறை வாந்தி எடுப்பாய். பத்தாம் வகுப்பு வரை ஆறு வருடம். பதின்மூன்று வயதில் அதே நாவலை எடுத்து, நான் சிரித்த அதே பக்கத்தில் நீ சிரித்தாய். உள்ளேயிருந்து அந்தச் சிரிப்பைக் கேட்டு, அடுப்பில் பாலை வைத்ததை மறந்து நின்றேன். அந்த ஆறு வருடத்துக்காக நான் இன்றும் முழு மனதாக வருந்தவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பிரவுசிங் சென்டர் நாகராஜ் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மேடம், மார்க்ஸ் சூப்பரா இருக்கு. ஆனா ரேங்க் வரல. இன்எலிஜிபிள்னு போட்டிருக்கான்." ஏன் என்று கேட்டேன். அவர் விரல் விட்டு எண்ணினார். "ஒண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் நம்ம ஸ்டேட். அப்பறம் ஓசூரு, அது தமிழ்நாடு ஆச்சே. மறுபடி பி.யூ. ரெண்டு. நாலும் ரெண்டும் ஆறு. இங்க ஏழு வருஷம் படிச்சிருக்கணும் மேடம். இல்ல, அப்பா அம்மா யாராச்சும் இங்க ஏழு வருஷம் படிச்சிருக்கணும். நீங்க?" நாங்கள் இருவரும் திருப்பத்தூர்ப் பக்கம் என்றேன். "அய்யோ. ஒந்தே ஒந்து வர்ஷ மேடம். அஞ்சாங்கிளாஸ் மட்டும் இங்க படிச்சிருந்தா போதும்." அத்துடன் நிறுத்தியிருக்கலாம் அவர். நல்ல மனிதர், எனக்குப் புரியவில்லை என்று நினைத்துத் தொடர்ந்தார்: "காலையில ஒரு பொண்ணு வந்துச்சு. உங்க பொண்ணவிட மார்க் கம்மிதான். அது கேட்ட காலேஜே கிடைச்சிரும்னு ஸ்வீட் குடுத்துட்டுப் போச்சு." மேசை மேல் அந்த ஸ்வீட் டப்பா திறந்திருந்தது. ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

விண்ணப்பம் நிரப்பும்போதே அந்த ஏழு வருட விதியைப் படித்திருக்க வேண்டியவள் நான். எத்தனையோ புத்தகம் படிக்கிறவள், அந்தக் கையேட்டில் நான்கு பக்கம் படிக்கவில்லை. பெங்களூரில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு என்ன சிக்கல் வரப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

படி இறங்கும்போது உன் போன் வந்தது. "ரேங்க் வந்துச்சாம்மா?" அந்த ஒரு நொடியில் எனக்குத் தோன்றியதை அப்படியே எழுதுகிறேன். நீ வருத்தப்படுவாய் என்று எனக்குத் தோன்றவில்லை. உன் அப்பாவின் முகம்தான் தோன்றியது. "ஒரு வருசத்துல இன்னா கெட்டுப்போவுது" என்று அவர் கேட்ட அந்தக் கேள்விக்கு இப்போது பதில் வந்திருந்தது. எந்த ஒரு வருடத்துக்காகப் பிடிவாதம் பிடித்தேனோ, அந்த ஒரு வருடம். அவர் திட்டுவார், உன் புஸ்தகப் பைத்தியத்துக்குப் பிள்ளையைப் பலி கொடுத்தாயே என்பார், அத்தை தலையாட்டுவாள். படிக்கட்டுச் சுவரில் கரண்ட் மீட்டர் இருந்தது. அதில் ஓடிக்கொண்டிருந்த ஐந்து இலக்கத்தைப் பார்த்து, "நாப்பத்தோராயிரத்து இருநூத்தி பதினாறு" என்றேன். "சரியாப் பாத்தியா?" "பாத்தேன்டி." பிறகு, "சாரிம்மா" என்றாய். காமாலைக் கண்ணோடு படுத்திருந்த பிள்ளை என்னிடம் மன்னிப்புக் கேட்டாய். நான், "பரவால்லடி, உடம்பைப் பாத்துக்கோ" என்றேன். பெருந்தன்மையாக மன்னித்தேன் உன்னை.

அச்செடுத்த தாளைத் தொலைத்துவிட்டேன் என்றேன், நீயும் என் வார்த்தையை நம்பி வேறு எங்கும் போய்ப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அந்த எண்ணை உன் அலமாரிக் கதவின் உட்புறம் சிவப்பு மார்க்கரில் எழுதி வைத்தாய். துணி அடுக்கும்போதெல்லாம் நான் அதைப் பார்க்கிறேன். யாரோ ஒரு கடைக்காரர் எரித்த கரண்ட் அது. அப்பா கல்விக்கடன் வாங்கினார். அது போதாமல், வீடு கட்டுவதற்கென்று பத்து வருடம் தவணை கட்டி வாங்கிய மனையை விற்றார். பத்திரப் பதிவுக்குத் தனியாகப் போய் வந்து, "நடுவுல பெரிய பாறை கீது. போர் போட்டாலும் தண்ணி வராது. போனது நல்லதுதான்" என்றார். அந்த மனையில் பாறை எதுவும் கிடையாது. நானும் பார்த்திருக்கிறேன், நீயும் பார்த்திருக்கிறாய். நாம் மூவரும் அவர் சொன்னதை நம்பின மாதிரி இருந்தோம். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். மேனேஜ்மென்ட் இடத்தில் சேர்த்த அன்று சொல்லியிருக்கலாம். நாள் ஆக ஆக, பொய்யைச் சொன்னதைவிடச் சொல்லாமல் இருந்த நாட்கள்தான் பெரிய குற்றமாகிவிட்டன. உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றுதான்: யாரிடமாவது தப்பு செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு. மறுநாள் அதே தப்பு வேறு அளவில் இருக்கும்.

மூன்றாம் வருடத்தில் உன் ஆய்வகத்துக்கு என்னைக் கூட்டிப் போனாயே. பக்கவாதம் வந்தவர்கள் கையை அசைப்பதாக மனதில் நினைத்தால், அந்தச் சின்ன அலையைத் தலைக்கு வெளியிலிருந்தே பிடித்து, ஒரு செயற்கைக் கையை அசைக்கும் வேலை. உங்களுக்கு ஒரு தலை தேவைப்பட்டது. ஓட்டை ஓட்டையாக இருந்த தொப்பியை எனக்கு மாட்டி, ஒவ்வொரு ஓட்டையிலும் பசையை விட்டாய். உன் தோழி சைத்ரா, "ஆன்ட்டி, ஜாக்கிரதை. நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு எல்லாம் இதுல வந்திரும்" என்றாள். திரையில் எல்லாக் கோடும் ஒரே நேரத்தில் தாறுமாறாகக் குதித்தன. நீ திரையைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, தாடைய இறுக்காதே. பல்லைக் கடிச்சா அதுதான் பெருசா வரும், மூளை தெரியாது" என்றாய். சைத்ராவிடம் திரும்பி, "ஏய், சும்மா இரு. இதுக்குக் கை தவிர வேற எதுவும் தெரியாது. கையே பாதி நேரம் தப்பாத்தான் சொல்லுது" என்றாய். நான் மூச்சு விட்டேன். அந்த நிம்மதிக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

முடிந்த பிறகு வாஷ்பேசினில் என் தலையைக் குனிய வைத்து, பசை போக நீயே அலசிவிட்டாய். வெந்நீர் இல்லை என்று என்னைவிட நீ வருத்தப்பட்டாய். மற்றப் பிள்ளைகள் எல்லோரும் கேன்டீனுக்குப் போய்விட்டார்களே, நீ போகவில்லையா என்று கேட்டேன். "அவங்கல்லாம் ரேங்க்ல வந்தவங்கம்மா. நான் காசு குடுத்து வந்தவ. ரெண்டு மடங்கு பண்ணாத்தான் சமமா நிக்க முடியும்." நீ சாதாரணமாகத்தான் சொன்னாய், துண்டால் என் காதைத் துடைத்துக்கொண்டே. சுற்றுலாவுக்குப் போகாதது, சனி ஞாயிறுகளில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தது, பரிசு வாங்கினதைக்கூட எங்களிடம் இரண்டு வாரம் கழித்துச் சொன்னது, எல்லாம் எதனால் என்று எனக்கு அங்கே புரிந்தது. நான் கொடுத்த எண்ணுக்கு நீ உன்னைக் குறைத்துக்கொண்டே வந்திருந்தாய். உன் கை என் தலையில் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். "தண்ணி சில்லுனு இருக்குடி" என்று சொன்னேன்.

நேற்றுக் காலை அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு இரண்டாவது ஷிப்ட். குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். தலை குனிந்து வேலை செய்துகொண்டே கேட்டார், பாதியில் ஸ்பேனரைக் கீழே வைத்தார். ஓசூர், ஆறு வருடம், மீட்டர், எல்லாம் சொன்னேன். முடிவு வந்த அன்று நாகராஜ் அச்செடுத்துக் கொடுத்த தாளைக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு உன் மதிப்பெண்ணை ஒவ்வொரு பாடமாக விரலை வைத்துப் படித்தார். "இவ்ளோ எடுத்துச்சா பாப்பா" என்றார். அந்தப் பெருமையைத் தவிர வேறு எதுவும் இல்லாத முகம் அப்போது அவருக்கு. தாளை மடித்த பிறகுதான் என்னைப் பார்த்தார். "எங்கிட்ட சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பேன்? திட்டியிருப்பேன். ஒரு நாளு, ரெண்டு நாளு திட்டியிருப்பேன். அத்தோட முடிஞ்சிருக்கும். அதுக்குப் பயந்துக்கினு பாப்பாவ நாலு வருசம்..." மனையைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். "மனை என் விசயம். அத நான் பாத்துக்கறேன். நீ அவகிட்ட போ" என்றார். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, என்னிடம் சொல்லாமல் கிளம்பிப் போனார்.

அந்தத் தாளை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். உன் மதிப்பெண்ணுக்குக் கீழே, தகுதியில்லை என்று இருக்கும். அது என் தகுதியைப் பற்றியது. அப்படி நினைத்துப் படி.

நெதர்லாந்துக்குப் போ என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. போகாதே என்று சொல்லவும் இல்லை. வேலைக்குப் போக வேண்டும் என்று உனக்கே ஆசை இருந்தால் போ. படித்துக் களைத்துப் போயிருக்கிறாய் என்றால் ஒரு வருடம் நில். அவ்வளவு தூரமும் குளிரும் பிடிக்கவில்லை என்றால் அதுவும் ஒரு காரணம்தான். மீதிப் பணத்துக்கு என்ன வழி என்று நாம் மூன்று பேரும் உட்கார்ந்து பேசலாம். வழி இல்லாமலும் போகலாம், அப்போது வழி இல்லை என்று தெரிந்துகொண்டு அதை விடுவாய். காசு கொடுத்து வந்தவள் என்ற காரணத்தை மட்டும் அவர்களுக்கு எழுதாதே. இந்தப் படிப்புக்கு நீ உன் மதிப்பெண்ணோடு, வாசல் வரைக்கும் உன் காலில்தான் வந்தாய். கதவைச் சாத்தினது நான். அப்பா தன் மனையைக் கொடுத்து அதைத் திறந்தார். இந்த இரண்டில் எதுவும் நீ செய்ததில்லை. நீ ஈடுகட்ட வேண்டியதும் எதுவுமில்லை.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. மன்னிப்பது உனக்கு வழக்கமாகிவிட்டது, சீக்கிரம் மன்னித்துவிடுவாய், அதுதான் எனக்குப் பயம். நான் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன், டி.வி. போடவில்லை. படித்ததும் வெளியே வந்து, அப்பா அன்றைக்கே திட்டியிருக்க வேண்டியதையும் சேர்த்து நீ திட்டு. எத்தனை நாள் ஆனாலும் சரி. நடுவில் எழுந்து சமையலறைக்குப் போக மாட்டேன்.